ஃப்ரீசர்ல வைக்க அது என்ன ஐஸ்கிரீமா?

மக்களே, ஒரே வயித்தெரிச்சல். திருநகர் வீட்டுல ஹார்ட் டிஸ்க் 'டக் டக்'னு அடிச்சு நின்னுருச்சு. உள்ள அப்பத்தா போட்டோ பூராவும்.

"ஃப்ரீசர்ல வச்சு எடுங்க தம்பி"ன்னார் கடைக்காரர். வெளிய எடுத்ததும் உள்ள ஈரம் கோத்து, இருக்கறதும் போயிரும்யா! 'டக் டக்'னா பெரும்பாலும் ஹெட் அவுட். உடனே கரண்ட்டை நிறுத்துங்க. போட்டோரெக் மாதிரி இலவச மென்பொருள் எல்லாம் டிஸ்க்கைப் படிக்க முடிஞ்சாத்தான் உதவும்.

1998ல 'டாய் ஸ்டோரி 2' கோப்புகள் அழிஞ்சப்ப ஸ்டுடியோ பேக்கப்பும் காலை வாரிருச்சு. காப்பாத்துனது ஒரு ஊழியர் வீட்டுல இருந்த காப்பி.

சரி, கடைக்காரரை ஏன் திட்டணும்? 'அதான் ஸ்கேன் பண்ணியாச்சே'ன்னு செல்லரிச்ச ஆல்பத்தை எடைக்குப் போட்ட இஞ்சினியர் நான்தானே! அப்பத்தா இப்ப மேலூர் அத்தை வீட்டு சுவத்துல மட்டும்தான் சிரிக்குது.