பிரஷரும் பீஸ் ரேட்டும்

"எனக்கென்ன கேடு? கல்லுக்குண்டு போல இருக்கிறேன்" என்று மார்தட்டும் தொழிலாளியைப் புதியம்புத்தூர்த் தையல் பட்டறையில் மட்டுமல்ல, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலையிலும் தூத்துக்குடி உப்பளத்திலும் பார்க்கிறோம். அவர் பொய் சொல்லவில்லை. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலிப்பதில்லை, காய்ச்சலில்லை, இருமலில்லை. சத்தமின்றி இரத்தக் குழாயைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் கண்ணையும் அரித்து, ஒருநாள் கையையும் காலையும் ஒரு பக்கமாகச் சாய்த்து விடுகிறது. அன்றைக்குத்தான் குடும்பத்துக்கே தெரிகிறது.

இது பணக்கார வியாதி என்று இன்னும் எண்ணுகிறவர்கள் உண்டு. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து மாண்டார். வல்லரசின் தலைவருக்கே அன்று கொடுக்கத் தக்க மருந்து இல்லை. நான்காண்டு கழித்து, 1949இல், பம்பாய் டாக்டர் ரஸ்டம் ஜால் வகீல் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரின் பலனைப் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் எழுதி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார். (அதற்காக வேரைத் தேடி யாரும் புறப்பட வேண்டாம், அதைவிடப் பத்திரமான மாத்திரைகள் வந்துவிட்டன.) அன்று ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாத மருந்து இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

கிடைத்தும் என்ன? 2020இல் தமிழக அரசு நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்நோய் காணப்பட்டது. நோயுள்ள நூறு பேரில் கட்டுக்குள் வைத்திருந்தவர் ஏழு பேர்தான்! மற்ற தொண்ணூற்று மூன்று பேரும் அறியாமையால் கெட்டார்கள் என்று மேடையில் உபதேசிப்பது எளிது. அதை நாம் ஒப்பமாட்டோம்.

பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவன் அரை நாள் ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் அரை நாள் கூலி போச்சு. தீபாவளி நெருங்கினால் இரவும் பகலும் மிஷின் ஓடும். தூக்கம் போகும், டீயும் பீடியும் சோறாகும். மாத்திரை தீர்ந்தது நினைவிருக்குமா? பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறையென்றால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ.யும் எட்டிப் பார்க்காது.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம், மனமார வரவேற்கிறோம். ஆனால் ஊழியர் வீட்டுக் கதவைத் தட்டும் வேளையில் தொழிலாளி பட்டறையில் அல்லவா இருக்கிறான்? 2024இல் தொழிலகங்களுக்கே போய்ப் பரிசோதிக்கும் ஏற்பாடும் வந்தது. அது பெரிய ஆலையின் கேட்டோடு நின்றுவிடாமல், நாலு மிஷின் போட்ட கூரைக் கொட்டகைக்கும் வரவேண்டும் என்று கேட்கிறோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு முதலாளி கூலியைப் பிடிக்கக் கூடாது. பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., 1908இல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் கூலியோடு விடுமுறையும் கேட்டுப் போராடியபோது துணை நின்றார். ஓய்வு கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

நம் பங்கும் இருக்கிறது, தோழர்களே. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு போதும் என்கிறது. உப்பு விளைகிற மாவட்டம் நம்முடையது. கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் கஞ்சி இறங்காது. வெயிலில் வேர்க்கிறதே என்று கூடுதலாக அள்ளிப் போடுவதும் வழக்கம். கையைக் கொஞ்சம் குறுக்க வேண்டும். சாத்தூர்ச் சேவுக்கும் இது பொருந்தும். பீடியும் சாராயமும் பற்றி வீட்டில் இருப்பவர்களே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அளவு இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவது. இறங்கியதே மாத்திரையால்தான். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பக்கத்து மிஷின்காரரின் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். அளக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அதற்கு அரைமணி முன்னதாகவே டீயும் பீடியும் வேண்டாம். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் பதறாமல் வேறொரு நாளும் பாருங்கள். அன்றும் அப்படியே என்றால் டாக்டரிடம் போங்கள்.

சங்கக் கிளை ஒவ்வொன்றும் ஓர் அளவுக் கருவி வாங்கட்டும். சந்தா வசூலிக்கும் நாளில், ரசீது எழுதுகிற மேசையிலேயே அதையும் வைக்கலாம்.