ஐந்து குடும்பம், ஒரு மீட்டர்!

கோபாலபுரம் என்றதும் நம் தோழர்களின் நினைவில் எழுவது ஒரு வீடு. அதன் வாயிலில் விடியுமுன்னரே கூடி நின்ற கூட்டம். அங்கே எழுந்த வாழ்த்தொலி. நாம் இன்று எழுத வந்தது அந்த வீட்டைப் பற்றியன்று. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், முன்பு லாயிட்ஸ் சாலை என்றும் இன்று அவ்வை சண்முகம் சாலை என்றும் பெயர் பெற்ற பெருஞ்சாலைக்குப் பின்னே, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய ஒரு சந்தில், ஐந்து குடும்பங்கள் அடுத்தடுத்து ஒண்டியிருக்கும் ஒரு வரிசை வீட்டைப் பற்றி எழுதுகிறோம்.

அந்த ஐந்தில் ஒன்றில் குடியிருப்பவர் அச்சகத் தொழிலாளி. நம் தோழர். திங்கட்கிழமை மாலை அலுவலகப் படியேறி வந்து, நாற்காலியைக் காட்டியும் அமராமல், சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நம் மேசைமீது விரித்தார். மின்வாரியத்தின் சீட்டாக இருக்கும் என்று எண்ணினோம். இல்லை. பள்ளிப் பிள்ளையின் நோட்டிலிருந்து கிழித்த தாள். அதில் பென்சிலால், 'யூனிட் 150, ஒரு யூனிட் 8 ரூபாய், ஆக 1,200' என்று மூன்று முறை எழுதி, கீழே கோடு இழுத்து, 3,600 என்று கூட்டிப் போட்டிருந்தது. எழுதியவர் வீட்டுக்காரர். வாயால் சொன்னது அதற்குக் கீழே இன்னொரு வரி: வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் பியூஸ் கட்டை கையோடு வந்துவிடும்!

ஏன் நின்றது பாக்கி? தாள் வெட்டும் எந்திரத்தில் தோழரின் விரல் சிக்கியது. கட்டு அவிழ இரண்டு மாதம் ஆயிற்று. கட்டோடு இருந்த கைக்குக் கூலி ஏது? மாதம் 14,000 ரூபாய் சம்பளத்தில் 6,500 வாடகைக்குப் போக, மிச்சத்தில் அரிசியும் பருப்பும் பள்ளிக் கட்டணமும் நடந்துவந்த குடும்பம் அது. வாடகையை நிறுத்தினால் வீடு போகும். அரிசியை நிறுத்தினால் உயிர் போகும். ஆகவே நின்றது மின்சாரக் கட்டணம். ஒருமுறை நின்றது, இருமுறை ஆயிற்று, மும்முறை ஆயிற்று.

"விசிறியைக் குறைத்துப் போட வேண்டியதுதானே! விளக்கை அணைத்து வைக்க வேண்டியதுதானே! வரவுக்கேற்ற செலவு வேண்டாமா?" என்று அறிவுரை கூறும் அன்பர்கள் உண்டு. குளிரூட்டிய அறையில் இருந்து கூறுவர். அவர்களுக்காகக் கொஞ்சம் கணக்குச் சொல்லுவோம். இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் என்றால் நாளொன்றுக்கு இரண்டரை யூனிட். 75 வாட் விசிறி ஒன்று இருபது மணி நேரம் சுழன்றால் அதற்கே ஒன்றரை யூனிட் ஆகிவிடும். மீதி ஒரு யூனிட்டில் விளக்கு, தொலைக்காட்சி, மிக்சி, பிள்ளையின் படிப்பு அத்தனையும். சன்னல் இல்லாத பத்தடி அறையில் நால்வர் படுத்துறங்க, அந்த ஒரு விசிறியையும் நிறுத்தச் சொல்லுவதா சிக்கனம்?

இனி அந்தப் பென்சில் கணக்கைப் பார்ப்போம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்கு உட்பட்டவர்க்கு அடுத்த 100 யூனிட், யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. அதற்கு மேல் 400 வரை நாலரை ரூபாய். 500 வரை ஆறு ரூபாய். ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய், 101 முதலே நாலரை. 600 வரை எட்டு. 800 வரை ஒன்பது. 2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏறியது. கணக்கு எளிதில் விளங்க 2022 விகிதத்தையே கொள்ளுவோம்.

நம் தோழருக்குத் தனி இணைப்பு இருந்திருந்தால் 150 யூனிட்டுக்கு அவர் கட்டவேண்டியது 112 ரூபாய் 50 காசு. மூன்று தவணைக்கு 337 ரூபாய் 50 காசு. வீட்டுக்காரர் கேட்பதோ 3,600!

படித்தவுடன் வீட்டுக்காரர்மீது சினம் பொங்கும். பொங்கட்டும், ஆனால் முழுதும் அவர்மீதே கொட்டிவிட வேண்டாம். ஐந்து குடும்பமும் ஆளுக்கு 150 என்றால் அந்த ஒற்றை மீட்டரில் ஓடுவது 750 யூனிட். அரசின் கண்ணுக்கு அது ஐந்து ஏழை வீடல்ல. ஒரு பணக்கார வீடு! ஆகவே ஒன்பது ரூபாய்ப் படிவரை அதை ஏற்றி, 4,100 ரூபாய் கட்டு என்கிறது. ஐந்து குடும்பங்களும் தனித்தனியே கட்டியிருந்தால் ஐவருக்கும் சேர்த்து 562 ரூபாய் 50 காசுதான். ஐவருக்கும் 500 யூனிட் இலவசமாகக் கிடைத்திருக்கும். ஒரே மீட்டர் ஆனதால் கிடைப்பது 100. அதுவும் வீட்டுக்காரர் கணக்கில் வரவு. குடியிருப்போரிடம் அவர் வசூலிப்பது 6,000. வாரியத்துக்குக் கட்டியது போக அவர் மடியில் தங்குவது 1,900. எட்டு ரூபாய் என்பது இந்தச் சந்தில் மட்டும் நடப்பதன்று. சென்னையில் வாடகைக்குக் குடியிருப்போரைக் கேட்டுப் பாருங்கள். எட்டு என்பார், ஒன்பது என்பார், பத்தும் என்பார்.

2016 மே மாதம் 100 யூனிட் இலவசம் என்று ஆணை பிறந்தது. யார் ஆட்சியில் பிறந்தது என்பது பற்றி நமக்கு வழக்கில்லை. ஏழைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே வழக்கு. சொந்த மாடி வீட்டில், அறைக்கொரு குளிரூட்டியோடு வாழ்பவருக்கு அந்த 100 யூனிட் தவறாமல் போய்ச் சேருகிறது. சந்தில் ஒண்டியிருக்கும் அச்சுக் கோப்பவனுக்குப் போய்ச் சேரவில்லை.

தனி மீட்டர் உள்ளவன் மட்டும் நிம்மதியாக இருக்கிறானா? அவனுக்கு வேறு குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். 2022க்கு முன்பு 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,130 ரூபாய். 501 ஆனால் 1,786 ரூபாய் 60 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு! தங்கத்தால் செய்த யூனிட் போலும்! 2022இல் அந்தக் குழியின் ஆழம் குறைந்தது, மூடப்படவில்லை. 500க்கு 1,725; 501க்கு 1,958. 60 நாளில் 490 யூனிட் ஓட்டும் வீட்டில் கணக்கெடுக்க வருபவர் ஐந்து நாள் பிந்தி வந்தால் மீட்டர் 531 காட்டும். 1,665 கட்ட வேண்டியவன் 2,198 கட்டுவான். அவன் செய்த குற்றம் என்ன? வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்தது!

2020இல் நடந்ததைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனா ஊரடங்கில் கணக்கெடுக்க ஆள் வரவில்லை. முன்பு கட்டிய தொகையையே கட்டுங்கள் என்றார்கள். பிறகு நான்கு மாதத்துக்குச் சேர்த்துக் கணக்கெடுத்தார்கள். வேலையின்றி வீட்டில் அடைபட்டுக் கிடந்தவன் கையில் ஆயிரக்கணக்கில் சீட்டைத் திணித்தார்கள். அதைக் கண்டித்து அந்த ஆண்டு ஜூலை 21 அன்று தி.மு.க. அழைப்பின்படி வீட்டு வாசல்களில் கருப்புக்கொடி பறந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தல் அறிக்கையில், மாதந்தோறும் கணக்கெடுக்கப்படும் என்ற உறுதி தரப்பட்டது. வெற்றி வந்தது, ஆட்சி வந்தது, 2022 செப்டம்பரில் கட்டண உயர்வும் வந்தது. மாதக் கணக்கு மட்டும் அதற்கு முன்பாக வந்து சேரவில்லை. நம் பக்கத்துத் தவற்றை நாம் ஏன் எழுத வேண்டும் என்று முகம் சுளிக்கும் தோழர் இருப்பார். நாம் எழுதாவிட்டால் மாற்றான் எழுதுவான். அவன் எழுத்தில் அச்சகத் தொழிலாளி இருக்க மாட்டான்.

மாதக் கணக்கு வந்தால் அடுக்குகளும் பாதியாகும், ஆகவே மொத்தத் தொகை பெரிதாகக் குறையாது என்பார் உளர். கணக்குப்படி அது பொய்யன்று. ஆனால் வாரக் கூலி வாங்குகிறவன் கையில் 800 ரூபாயை இருமுறை புரட்டுவதும், 1,600 ரூபாயை ஒரே நாளில் புரட்டுவதும் ஒன்றா? முன்னது சிரமம். பின்னது கந்துவட்டி.

வாரியத்தின் நிலையும் நமக்குத் தெரியும். 1957 ஜூலை முதல் நாள் பிறந்து, சிற்றூர்தோறும் கம்பி இழுத்து, உழவனின் கிணற்றுக்கு மின்சாரம் கொண்டுபோன நிறுவனம் அது. 1990இல் உழவர் அனைவர்க்கும் இலவச மின்சாரம் என்று கலைஞர் அரசு அறிவித்தபோது அதைச் செய்து காட்டியதும் அதுதான். 2022ஆம் ஆண்டு வாக்கில் அதன் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி நின்றது. ஓட்டை பெரிது, ஒத்துக்கொள்ளுகிறோம். அந்த ஓட்டையை அடைக்கக் கோபாலபுரத்துச் சந்திலா மண் எடுப்பது?

சட்டம் என்ன சொல்லுகிறது? தோழர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, வீட்டு உரிமையாளர் மட்டுமன்று, குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம் என்கிறது. வீட்டுக்காரரின் சம்மதச் சீட்டு இல்லை என்பதைக் காட்டி வாடகைக்கு இருப்பவருக்கு மின்சாரத்தை மறுக்கக்கூடாது, அது மனிதனின் அடிப்படைத் தேவை என்று 2022 மே மாதம் உச்சநீதிமன்றமே கூறிவிட்டது. மின்சாரத்தை வாங்கி விற்க உரிமம் வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. எட்டு ரூபாய்க்கு விற்கும் வீட்டுக்காரரிடம் அந்த உரிமம் எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

தனி இணைப்பில் பாக்கி விழுந்தவர்க்கு 56ஆம் பிரிவு. 15 நாள் எழுத்து மூல அறிவிப்பின்றி மின்சாரத்தைத் துண்டிக்க இயலாது. தொகை தவறு என்று எதிர்வழக்காடுகிறவர், எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டு, கேட்கப்பட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால், வழக்கு முடியும் வரை துண்டிக்கக்கூடாது. இரண்டாண்டு கடந்த பழைய பாக்கியை, இடையில் சீட்டில் தொடர்ந்து காட்டி வராமல், திடீரென்று தோண்டி எடுத்து வசூலிக்கவும் முடியாது. முறையீட்டுக்கு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அங்கும் நீதி கிடைக்காவிட்டால் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். பியூஸ் போன பிறகு ஆபீஸ் வாசலில் நின்று கெஞ்சுவதற்கு முன்னே, ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும் நம்மவனுக்கு.

சட்டத்தில் இல்லாததும் ஒன்று உண்டு. அதை நாம் கேட்டுப் பெற வேண்டும். பிரெஞ்சு நாட்டில் நவம்பர் முதல் மார்ச் முடியக் குளிர் வாட்டும். அந்த ஐந்து மாதமும், பாக்கி எவ்வளவு இருந்தாலும், குடியிருக்கும் வீட்டின் மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். கடனைத் தள்ளவில்லை, கடன் அப்படியே இருக்கும், குளிரில் மனிதன் விறைக்கக்கூடாது என்பதே கருத்து. அங்கே அவர்களுக்குக் குளிர். இங்கே நமக்குக் கத்திரி வெயில்! ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் விசிறி நின்றால் முதியவரும் கைக்குழந்தையும் என்ன ஆவர்? அந்த மூன்று மாதம் ஏழை வீட்டில் பியூஸ் கட்டையைத் தொடாதே, பாக்கியைத் தவணையில் வாங்கிக்கொள் என்று கேட்பது பெரும் புரட்சியா?

இதைவிட்டுவிட்டு வேறொன்று வந்துகொண்டிருக்கிறது. முன்பணம் கட்டினால்தான் ஓடும் ஸ்மார்ட் மீட்டர் நாடெங்கும் பொருத்தப்பட வேண்டும் என்று 2021இல் ஒன்றிய அரசு திட்டம் தீட்டியது. ஸ்மார்ட் மீட்டரின் சோதனை நம் பக்கத்திலேயே, தியாகராய நகரில் நடந்தது. மீட்டர்மீது நமக்குப் பகை இல்லை. கணக்குச் சரியாகத் தெரிந்தால் நல்லதே. முன்பணம் என்பதில்தான் சூது. இங்கிலாந்தில், பாக்கி வைத்த வீடுகளில் ஆள் இல்லாதபோது பூட்டைத் திறந்து நுழைந்து முன்பண மீட்டரைப் பொருத்திய கொடுமை 2023இல் அம்பலமாகி, அரசின் கட்டுப்பாட்டு அமைப்பு அதை நிறுத்தி வைக்கச் சொல்ல நேர்ந்தது. முன்பண மீட்டர் வந்தால் 15 நாள் அறிவிப்புக்கு இடம் எங்கே? மனு கொடுக்க நேரம் எங்கே? காசு தீர்ந்த நொடியில் விளக்கு அணையும். துண்டித்தது யார் என்று கேட்டால், நீயேதான் என்பார்கள்.

நம் தோழரின் காரியத்துக்கு வருவோம். ஐந்து குடும்பமும் கையொப்பமிட்டு, 43ஆம் பிரிவைக் காட்டி, தனித்தனி இணைப்புக் கேட்டு மனு எழுதியாயிற்று. வாடகை ரசீது இருவரிடம்தான் இருந்தது. மற்ற மூவருக்கு ஆதாரும் குடும்ப அட்டையும் இணைத்திருக்கிறோம். வட்டச் செயலாளர் நாளை அவர்களோடு மின்வாரிய அலுவலகம் செல்லுகிறார். கோபாலபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் இதே நிலையில் உள்ளவர்கள் ஞாயிறு காலை படிப்பகத்துக்கு வெள்ளை அட்டையோ, வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுத் தாளோ, எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வரலாம். எழுதத் தெரிந்த இளைஞர்கள் இருப்பார்கள்.

வீட்டுக்காரரையும் நேற்று கண்டு பேசினோம். 3,600இல் ஆயிரத்தை உடனே பெற்றுக்கொண்டு மீதிக்குத் தவணை தரக்கூடாதா என்று கேட்டோம். யோசித்துச் சொல்லுகிறேன் என்றார். இதை எழுதி முடிக்கும் இந்தச் செவ்வாய் இரவு வரை அவரிடமிருந்து பதில் இல்லை. சந்தில் விளக்கு எரிகிறது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.