உங்க தெருவோட ‘நடு வீட்டு’ வருமானம் எவ்வளவு?

‘குடும்பத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவு?’

மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பத்தில் இந்தக் கேள்வி வந்ததும் ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஓவர்டைம் மாதா மாதம் மாறும். இவருக்குத் தையல் காசு. மாமியாருக்குப் பால் பணம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தின் வரம்பு, ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். மாதத்துக்கு 20,833. ஆனால், அரசு அந்த ஒரு பதிலை மட்டும் நம்பிவிடவில்லை. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் குறைவாக மின்சாரம் செலவாகிறதா, நிலம் எவ்வளவு என்றும் பார்த்தது. வாய் சொல்லாததை மீட்டர் சொல்லும் அல்லவா?

ஒரு வீட்டுக்கே இந்தப் பாடு என்றால், ஊருக்கு எப்படிக் கணக்கிடுவது? ஏழு வீடுகள் உள்ள ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாத வருமானம் 12, 14, 15, 18, 22, 30 ஆயிரம். ஏழாவது வீட்டில் ஐ.டி. தம்பதி, ஒன்றரை லட்சம். சராசரி 37,000-ஐத் தாண்டிவிடும். ஆறு வீடுகளில் யாருமே அதைக் கண்ணால் பார்த்ததில்லை! அதனால்தான் ‘இடைநிலை’ என்ற அளவு. வரிசையாக நிறுத்தி நடுவில் இருக்கும் வீட்டைப் பார்ப்பது. இங்கே 18,000. தெருவின் நிஜமான முகம் இதுதான்.

சிக்கல், பத்து வருஷம் கழித்து அதே தெருவுக்குப் போகும்போது வருகிறது. காலி மனையில் ஃபிளாட் எழும்பி, 1.2 லட்சம், 1.4 லட்சம் சம்பாதிக்கும் இரண்டு குடும்பங்கள் குடிவருகின்றன. இப்போது ஒன்பது வீடு. நடு வீட்டு வருமானம் 22,000. பழைய ஆட்கள் யாருக்கும் ஒரு பைசா கூடவில்லை. ஆனாலும் தெரு ‘முன்னேறிவிட்டது’. வாடகை ஏறியதால் அந்த 12,000 ரூபாய்க் குடும்பம் காலி செய்துவிட்டுப் போனால், அளவு 26,000 ஆகிவிடும். ஏழை வெளியேறினாலும் புள்ளிவிவரம் சிரிக்கும். திருநின்றவூர், திருமழிசைப் பக்கம் வயல் மனையாவதைப் பார்த்தவர்களுக்கு இது கற்பனையாகத் தோன்றாது.

எல்லைக்கோடும் சும்மா இருப்பதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அம்பத்தூர், 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. 2018-ல் சென்னை மாவட்டத்துக்கே போய்விட்டது. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது. ‘திருவள்ளூர் மாவட்டத்தின் வருமானம் அன்றும் இன்றும்’ என்று யாராவது வரைபடம் போட்டால், எந்தத் திருவள்ளூர் என்று முதலில் கேளுங்கள். ‘கிராமம்’ என்பதும் அப்படித்தான். நபார்டு வங்கியின் கிராமப்புற ஆய்வு, 50,000-க்குக் குறைவான மக்கள் உள்ள சிறு ஊர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அந்த ஆய்வின்படி ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 2016-17-ல் 8,059 ரூபாய், 2021-22-ல் 12,698. இது இந்தியா முழுமைக்கும். அதுவும் சராசரி, இடைநிலை அல்ல. இடையில் ஏறிய விலைவாசியையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் சின்னஞ்சிறு கவுண்டிக்கும் ஆண்டுதோறும் இந்த இடைநிலையை மதிப்பிடுகிறார்கள். மக்கள் குறைவான ஊரில் மாதிரி வீடுகள் போதாது என்பதால், ஐந்து வருஷத் தகவலை ஒன்றாகச் சேர்ப்பார்கள். வருமான வரிப் பதிவுகளின் துணையும் உண்டு. நம் ஊரில் பெரும்பாலான குடும்பங்கள் வரிக் கணக்குத் தாக்கல் செய்வதே இல்லை. அதனால் நாம் வருமானத்தை விட்டுவிட்டுச் செலவைப் பிடித்தோம். 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வில், தமிழகக் கிராமங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 5,310 ரூபாய், நகரங்களில் 7,630. செலவைக் கேட்டால் சொல்வார்கள். வருமானத்தைக் கேட்டால்?

1950-களிலும் 1983-84-லும் வருமானத்தைக் கேட்டுப் பார்த்தது தேசிய மாதிரி ஆய்வு. மக்கள் சொன்ன வருமானம், அவர்களுடைய செலவும் சேமிப்பும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக வந்தது! முயற்சி அப்படியே கிடப்பில் போனது. 2026-ல் நாடு தழுவிய குடும்ப வருமான ஆய்வு நடக்கும் என்று 2025 ஜூனில் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தது. முன்னோட்டமாக நடந்த சோதனையில், 95 சதவிகிதம் பேர் இது வெளியே சொல்லத் தயங்கும் விஷயம் என்றார்களாம். பக்கத்து வீட்டுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருந்தால் டக்கென்று சொல்லியிருப்பார்களோ என்னவோ!

இப்படி யாராவது வந்து கேட்டால் வீட்டில் எதையெல்லாம் மறப்போம் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். மாடி போர்ஷன் வாடகை, பால் பணம், தையல் கூலி, தீபாவளி போனஸ், ஊரில் இருந்து வரும் நெல் மூட்டை, மகன் ஜிபேயில் அனுப்பும் இரண்டாயிரம். நம் வீடு நடு வீட்டுக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்பதை இவைதான் முடிவு செய்யும்.