கணக்கும் கூட்டு வேலைதான்!

ஓர் ஏக்கர் நடவை ஒரே ஆள் நட்டு முடிப்பதில்லை. ஆலையும் ஒரு கையால் ஓடுவதில்லை. ஆனால் கணித சாஸ்திரம் மட்டும் மேதாவி ஒருவரின் மூளையில் தனியே உதிப்பது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. இது தவறான போதனை என்கிறோம்.

எலவனாசூர்கோட்டை வட்டாரத்துக் கரும்பு வெட்டும் தொழிலாளியின் மகளும் அரிசி ஆலைத் தொழிலாளியின் மகனும் இன்று பி.எஸ்ஸி. கணிதம் படிக்க முடிகிறது. கல்லூரியில் ஆய்வேடு கொடு என்கிறார்கள். பல இடங்களில் நடப்பது என்ன? பழைய ஏட்டைப் பார்த்து எழுதி, கடையில் அச்சடித்து, அட்டை கட்டிக் கொடுத்தால் மார்க் வந்துவிடுகிறது. செலவு கூலிக்காரத் தகப்பனுக்கு. பிள்ளைக்குக் கிடைத்த அறிவு எவ்வளவு?

நமது பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை ஆசிரியராயிருந்தவர் எஸ். எஸ். பிள்ளை. எந்த எண்ணையும் அதிகம் போனால் 73 ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று 1940-ல் நிரூபித்தவர் அவர். அதற்கு முன் 1936-ல் இதே துறையில் அவர் கண்ட முடிவை அமெரிக்காவில் டிக்சன் என்பவரும் தனியாகக் கண்டிருந்தார். ஒரே வேலையை இருவர், ஒருவரையொருவர் அறியாமல் செய்தார்கள்!

2009-ல் இங்கிலாந்துப் பேராசிரியர் திமதி கோவர்ஸ் வேறு வழி கண்டார். கடினமான தேற்றம் ஒன்றுக்கு எளிய நிரூபணம் வேண்டும், வருகிறவர்கள் வாருங்கள் என்று பகிரங்கமாக அழைத்தார். ஏறக்குறைய ஏழு வாரத்தில் வழி தெரிந்தது. கட்டுரை தனி ஆள் பெயரில் அல்ல, 'பாலிமத்' என்ற பொதுப் பெயரில் வெளிவந்தது.

அது பேராசிரியர்கள் காரியம் என்பீர்களா? 1993-ல் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பள்ளிப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து ஊர்ப் பிரச்னையை ஆராய்ந்து காட்டினார்கள். கல்லூரி மாணவரால் முடியாதா?

கேள்விக்கும் பஞ்சமில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடை குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். டன் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் அது நஷ்டம். வெட்டு உத்தரவை எந்த வரிசையில் கொடுத்தால் வண்டிகள் காத்திருப்பது குறையும்? இது சுத்தமான கணிதம். நால்வர் சேரட்டும். ஒருவர் வண்டி வந்த நேரத்தைக் குறிக்கட்டும்; ஒருவர் எடையைக் குறிக்கட்டும்; ஒருவர் சூத்திரம் அமைக்கட்டும்; ஒருவர் அதில் பிழை தேடட்டும். மாதம் ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளட்டும்.

உழைக்காதவன் பெயரும் ஏறிவிடுமே என்பார்கள். நால்வரில் யாரைக் கூப்பிட்டாலும் கரும்பலகையில் முழுக் கணக்கையும் விளக்க வேண்டும் என்று வையுங்கள். சோம்பேறி அங்கே அகப்படுவான். கூச்சமுள்ள பெண்ணும் அங்கே வாய் திறப்பாள்.

நாம் கோருவது இவ்வளவே. குழு கூடுவதற்கு வகுப்பு நேரத்திலேயே வாரம் இரண்டு மணி ஒதுக்க வேண்டும். மாலையில் பஸ் பிடிக்கிறவனும் விடுமுறையில் கூலிக்குப் போகிறவனும் வேறு எப்போது கூடுவார்கள்? அச்சுச் செலவைக் கல்லூரி ஏற்க வேண்டும். காலிப் பணியிடங்களைச் சர்க்கார் நிரப்ப வேண்டும். வழிகாட்ட ஆசிரியர் இல்லாமல் ஆய்வு ஏது?

பெற்றோரே! பிள்ளையிடம் எத்தனை மார்க் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தக் கேள்விக்கு, யாருடன் சேர்ந்து விடை தேடுகிறாய் என்றும் கேளுங்கள்.