ஆனி மாதத்தில் ஆணி வேண்டாம்!

ஆனி பிறந்தால் மேலகரத்துக்குக் கொண்டாட்டம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே உள்ள ஊர் அல்லவா? மலைக் கணவாய் வழியாக வரும் காற்று சாரலை வாரி இறைக்கும். மனிதருக்கு அது சுகம். வீட்டுக்குள் பலகைத் தளம் போட்டவருக்கோ அது சோதனைக் காலம்!

கோடையில் கண்ணாடி போல் கிடந்த தளம், ஆடிக்குள் மேடு தட்டிவிடுகிறது. காலை வைத்தால் 'கிரீச்' என்கிறது. இரவில் தண்ணீர் குடிக்க எழும் பாட்டி இடறி விழுந்தால் என்ன ஆவது? வீட்டுக்காரர் பதறிப் போய்ச் சுத்தியலை எடுக்கிறார். எழும்பிய பலகையில் நாலு ஆணி அடிக்கிறார்.

அதுதான் தவறு!

மிதக்கும் தளம்

பழைய மச்சு வீட்டுப் பலகை, உத்திரத்தில் ஆணியால் இறுக்கியது. இது அப்படி அல்ல. தரையில் ஒட்டாமல், நுரை விரிப்பின் மேல் கிடப்பது. பலகையும் பலகையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். 1977-ல் சுவீடனில் பிறந்த ரகம். உள்ளே இருப்பது மரநாரை அழுத்திச் செய்த அட்டை. ஈரக் காற்றில் விரியும். வறண்ட காற்றில் சுருங்கும்.

அதற்காகத்தான் சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். சித்திரை வெயிலில் சுவரோடு முட்டப் போட்டுவிட்டால், ஆனியில் பலகை எங்கே போகும்? மேலேதான் எழும்பும்! ஓரிடத்தில் ஆணி அடித்தால், அடுத்த இடம் கிளம்பும்.

செய்ய வேண்டியது என்ன?

சுவரோரப் பட்டையைப் பக்குவமாகக் கழற்றுங்கள். பலகை சுவரையோ கதவு நிலையையோ முட்டுகிறதா? முட்டும் ஓரத்தை அறுத்து இடம் விடுங்கள். சில நாட்களில் மேடு படியும். பட்டையைத் திரும்பப் பொருத்தும்போது சுவரில் அடியுங்கள், பலகையில் அடிக்காதீர்கள்.

சத்தம் மட்டும்தானா? பொருத்துகளில் முகப் பவுடரைத் தூவித் துணியால் தேய்த்து இறக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால், கீழே தரையில் பள்ளம் இருக்கலாம். 2 மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. பலகைகளை ஓரத்திலிருந்து வரிசையாகக் கழற்றி, பள்ளத்தை நிரவி, நன்றாகக் காய்ந்தபின் கோக்க வேண்டும்.

தண்ணீர் பட்டு ஓரம் உப்பிய பலகை பழையபடி ஆகாது. முதலில் கசிவை அடைத்து, பிறகு அந்தப் பலகையை மாற்றுங்கள்.

ஆசாரி காட்டும் வழி

மழைக் காலத்தில் கதவு உப்பி நிலையில் சிக்கினால், ஆசாரி ஆணியா அடிக்கிறார்? ஓரத்தை இழைத்து இடம் விடுகிறார். அந்தப் பழைய புத்திதான் இந்தப் புதிய தளத்துக்கும் தேவை.

தளம் போட வருகிறவரிடம் கூலி பேசுமுன், "சுவரோரம் எவ்வளவு இடம் விடுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். சாரலைத் தடுக்க யாராலும் முடியாது. பலகைக்குச் சுண்டுவிரல் அகலம் இடம் விட எல்லோராலும் முடியும்!