மாமா சொன்ன தேதி

எங்கள் ஆபீஸில் லீவ் ரூல்ஸ், டி.ஏ. அரியர்ஸ், ஜி.பி.எஃப். லோன் என்று எதில் சந்தேகம் வந்தாலும் என் டேபிளுக்குத்தான் வருவார்கள். ஃபைலைப் பிரிக்காமலேயே பதில் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உண்டு என்றா சொன்னேன்? இருந்தது.

அக்கா பையன் 2022-ல் இன்ஜினீயரிங் முடித்தான். வேலை கொடுத்த கம்பெனி, சேர வேண்டிய தேதியை மட்டும் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று டல்லாஸில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பினான். 2019-ல் குடும்பத்தோடு எடுத்த டூரிஸ்ட் விசா கையில் இருந்தது. 2029 வரை செல்லும் என்று பளிச்சென்று போட்டிருந்தது. 2023 ஜனவரி 14, போகியன்று போய் இறங்கினான்.

ஜூலையில் ஒருநாள் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மாமா, டிக்கெட்டை ஆகஸ்ட் 1-க்குத் தள்ளினா 200 டாலர் மிச்சமாகுது. தள்ளலாமா?"

நான் டி.வி. பார்த்துக்கொண்டே பதில் தட்டினேன்: "விசா 2029 வரைக்கும் இருக்குடா மாப்ளே. தாராளமா இருந்துட்டு வா."

வந்தான். சாக்லேட் எல்லாம் கொண்டு வந்தான். எனக்கு ஒரு ஷேவிங் செட். 200 டாலர் மிச்சம் பிடித்த மாமனை அக்கா நாலு பேரிடம் புகழ்ந்தாள்.

அடுத்த வருஷம் பையனுக்கு எம்.எஸ். ஆசை வந்தது. ஒரு யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்து ஐ-20 படிவமும் வந்துவிட்டது. அத்தான் வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைத்து லோன் வாங்கினார். ஃபாரம் நிரப்பித் தரும் கன்சல்டன்ட் ஒருவர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

"தம்பி, உனக்கு ஜூலை 13 வரைக்கும்தானே டயம் கொடுத்திருக்கான்? 19 நாள் ஓவர்ஸ்டே பண்ணியிருக்கியே!"

ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் அதிகாரி குத்திய முத்திரையின் மேல் பேனாவால் ஒரு தேதி கிறுக்கியிருந்தார். டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் மாதிரி. நாங்கள் யாரும் அதைப் படிக்கவில்லை. பெரியப்பா அமெரிக்கக் குடிமகனாகி வருஷக்கணக்காகிறது, அவருக்கு இதெல்லாம் மறந்தே போச்சு.

விஷயம் இதுதான் சார். விசா என்பது கல்யாணப் பத்திரிகை. மண்டப வாசல் வரை கொண்டுவந்து விடும். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை வாசலில் நிற்பவர்தான் சொல்வார். ஐ-94 என்கிற பதிவில் அந்தத் தேதி ஏறிவிடும். அதுதான் கணக்கு. அதைத் தாண்டி ஒருநாள் இருந்தாலும் 222(ஜி) என்ற சட்டப் பிரிவின்படி அந்த விசா தானாகவே செல்லாமல் போய்விடும். பையனின் விசா 2029 வரை உயிரோடு இருப்பது போல பாஸ்போர்ட்டில் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் 2023 ஜூலையிலேயே ஆயுள் முடிந்துவிட்டது.

கொன்றது அடியேன்.

அக்கா போனில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "ஆபீஸ்லயும் இப்படித்தான் பதில் சொல்றியா?"

கன்சல்டன்ட்டோ கவலையே படவில்லை. டி.எஸ்.-160 ஃபாரத்தில், அனுமதித்த நாளுக்கு மேல் தங்கியதுண்டா என்று ஒரு கேள்வி வருகிறது. "'நோ'ன்னு டிக் பண்ணுங்க. 19 நாளையெல்லாம் யார் சார் பாக்கறா?" அத்தானும் கிட்டத்தட்ட தலையாட்டி விட்டார். வீட்டுப் பத்திரம் பாங்கில் இருக்கும்போது மனுஷன் எதற்கும் தலையாட்டுவான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழைய வாசனை!

வாழ்க்கையில் முதல் தடவையாக, "படிச்சுட்டு சொல்றேன்" என்றேன்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 1996-ல் போட்ட சட்டத்தின்படி, 180 நாளுக்கு மேல் அனுமதியில்லாமல் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 வருஷம் உள்ளே வர முடியாது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால் 10 வருஷம். 19 நாளுக்கு அந்தத் தடை எதுவும் கிடையாது. புது விசாவைச் சொந்த நாட்டில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விசாவுக்காகப் பொய் சொல்லி மாட்டினால்? ஆயுள் முழுக்கத் தடை! யார் எப்போது வெளியே போனார்கள் என்று ஏர்லைன்ஸ்காரர்கள் பட்டியலே கொடுத்து விடுகிறார்கள். ஆக, பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது.

அதற்காக 'யெஸ்' போட்டால் பயமில்லை என்று அர்த்தமில்லை. விசா கேட்கும் மாணவன் ஒவ்வொருவனும் அங்கேயே தங்கிவிடப் பார்க்கிறான் என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்வார். சட்டமே அப்படி. இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. ஏற்கெனவே தங்கிக் காட்டியவன் என்ன நிரூபிப்பான்?

பையனே முடித்து வைத்தான். "யெஸ் போட்டுடறேன் மாமா. பொய் சொன்னா கவுன்ட்டர்ல எனக்கு வாய் குழறும்."

'யெஸ்' போட்டதும் விளக்கம் எழுத ஒரு கட்டம் திறந்தது. நான் என் சர்வீஸ் அனுபவத்தையெல்லாம் திரட்டி, 'ஐ மோஸ்ட் ஹம்ப்ளி பெக் டு சப்மிட்' என்று ஆரம்பித்து, 'கைண்ட்லி கண்டோன் தி டிலே' என்று முடித்து முக்கால் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பையன் படித்துவிட்டு, "இது லீவ் லெட்டர் மாமா" என்றான். மூன்றே வரி எழுதினான். ஜூலை 13-க்குள் கிளம்பியிருக்க வேண்டும், ஆகஸ்ட் 1-ல் கிளம்பினேன். விசாவில் உள்ள தேதிதான் கணக்கு என்று தவறாக நினைத்தேன். வேலை எதுவும் செய்யவில்லை.

விசா ஃபீஸ் 185 டாலர், மாணவர்களுக்கான செவிஸ் ஃபீஸ் 350 டாலர். ஆக 535. விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராத பணம். அந்த 200 டாலர் மிச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாததுதான் சுட்டது.

2024 ஜூனில் இன்டர்வியூ. ஜெமினி மேம்பாலத்தடியில் கான்சுலேட். உள்ளே செல்போன் ஆகாது என்பதால் அவன் போனும் என் போனுமாக மர நிழலில் நின்றேன். அங்கே நிற்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பாஸ்போர்ட்டோடு வந்தால் போச்சு, பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொண்டால் ஆச்சு. வெளியே வருகிற ஒவ்வொருவர் கையையும் பார்த்தேன். முகத்தைப் பார்க்க தைரியமில்லை.

பையன் ஃபைலைக் கட்டிப்பிடித்தபடி வந்தான்.

"பாஸ்போர்ட் எங்கடா?"

"வாங்கி வச்சுக்கிட்டாங்க மாமா."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது டீயில்தான் வாய் வந்தது.

"அந்த 19 நாளைப் பத்திக் கேட்டாங்களா?"

"அதைத்தான் முதல்ல கேட்டார். யாராவது சொல்லித் தங்கினியா, நீயாத் தங்கினியான்னார்."

"நீ என்ன சொன்னே?"

"ஸ்டாம்ப்ல தேதி இருந்துது, நான் பாக்கலை, என் தப்புன்னேன். அப்புறம் கோர்ஸைப் பத்திக் கேட்டார்."

டீக்குக் காசு கொடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக் கொண்டேன்.

ஆகஸ்டில் கிளம்பினான். ஏர்போர்ட்டில் அக்கா அவனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது, விழட்டும் என்றுதான் சொன்னாள்: "எது சந்தேகம்னாலும் காலேஜ்ல கேளு. மாமாவை நச்சரிக்காதே."

போய் இறங்கிய அன்று அவனிடமிருந்து ஒரு பி.டி.எஃப். வந்தது. கீழே ஒரு வரி: "ஐ-94 மாமா. டவுன்லோட் பண்ணிட்டேன். நீங்களும் ஒரு தடவை படிச்சிடுங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிரின்ட் எடுத்து, இரண்டு தடவை படித்தேன்.