புலம்பலை வெட்டிவிட்ட நம்பிக்கை

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் பகுதித் தேவாலயங்கள் பலவற்றில் வேரூன்றிவிட்ட வழக்கம். குன்றத்தூரிலிருந்து அனகாபுத்தூர், பம்மல், தாம்பரம் வரை கிறித்தவ வீடுகளுக்குள் நுழைந்தால், நிலைக்கதவின் மேலோ தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலோ அவ்வாண்டுக்குரிய வசனம் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். அவ்வசனங்கள் பெரும்பாலும் ஒரே நிறத்தவை: ஆசீர்வாதம், உயர்வு, வெற்றி, செழிப்பு. புலம்பல் என்னும் நூலிலிருந்து ஓர் அழுகையோ, யோபு கடவுளை வழக்குக்கு இழுக்கும் ஒரு வரியோ அட்டையாக வந்து யார் வீட்டுச் சுவரிலும் தொங்கி நாம் பார்த்ததில்லை.

இவ்வழக்கத்தை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. எளியவர்களின் பற்றுக்கோட்டைப் படித்தவர்கள் கேலி செய்வது மலிவான காரியம். துன்பக் காலத்தில் மனிதரைத் தாங்கி நிறுத்தும் ஆற்றல் விவிலியத்துக்கு உண்டு என்பதை நாம் ஏற்கிறோம். அந்த ஆற்றல் எந்தப் பக்கங்களிலிருந்து பிறக்கிறதோ அந்தப் பக்கங்களைத்தான் அட்டைப் பண்பாடு கத்தரித்து எறிகிறது என்பதே நம் குற்றச்சாட்டு. கத்தரித்தபின் எஞ்சியதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானே இந்நூல்" என்று நம் இலக்கிய வாசகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இவ்விரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு.

அட்டைகளில் மிகுதியாக அச்சாகும் வசனங்களுள் ஒன்று எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்தின் பதினோராம் வசனம். கடவுளின் எண்ணங்கள் தீமைக்கானவை அல்ல, நல்ல முடிவுக்கானவை என்பது அதன் கருத்து. இது எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் நிற்கிறது. இதற்கு முந்தைய வசனம், மீட்பு வர எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது. அக்கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலேயே மண்ணாகிவிடுவார்கள் என்பதே இதன் பொருள். ஆகவே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், உங்களைச் சிறைகொண்டு வந்த அந்த நகரத்தின் நலத்தையே நாடுங்கள் என்று கடிதம் சொல்கிறது. இது தன் காலத்தில் காணமுடியாத ஒன்றுக்காக உழைக்கும் நம்பிக்கை. பேரப்பிள்ளைகளுக்காக நடப்படும் பனங்கொட்டை போன்றது.

அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும், பறிபோனவை யாவும் திரும்பி வரும் என்று ஆலயத்தில் நின்று முழங்குகிறான். மக்களுக்கு இனிக்கும் சொல் அவனுடையது. நூலோ அவனைப் பொய்யன் என்கிறது. விரைவான விடிவைக் கூறியவன் பொய்யனாகவும், எழுபது ஆண்டு காத்திருப்பைக் கூறியவன் மெய்யனாகவும் நிற்கும் ஒரு நூலிலிருந்து ஒரு வசனத்தை மட்டும் பெயர்த்தெடுத்து, "இவ்வாண்டே உனக்கு விடிவு" என்று அச்சடித்துத் தருகிறோம். எரேமியாவின் சொல்லை அனனியாவின் குரலில் சொல்லும் வேலை இது.

திருப்பாடல்கள் என்றும் சங்கீதம் என்றும் வழங்கும் நூற்றைம்பது பாடல்களை எடுத்துக்கொள்வோம். இவற்றை வகைப்படுத்திய அறிஞர்கள், முறையீட்டுப் பாடல்களே மற்றெவ்வகையையும் விட எண்ணிக்கையில் மிகுதி என்பர். எதுவரைக்கும் மறந்திருப்பாய், ஏன் முகத்தை மறைத்துக்கொண்டாய் என்று கடவுளை நேர்நின்று கேட்பவை அவை. பல பாடல்கள் அழுகையில் தொடங்கி நம்பிக்கையில் முடிகின்றன. எண்பத்தெட்டாம் பாடலோ இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதற்கு ஆறுதலான முடிவு ஒன்றை ஒட்டவைக்க அந்நூலைத் தொகுத்தவர்களுக்குத் தெரியாதா என்ன? ஒட்டவைக்கவில்லை. அழுகையை அழுகையாகவே வழிபாட்டுக்குள் அனுமதித்தார்கள். இயேசு சிலுவையில் சொன்னதாக மாற்கும் மத்தேயுவும் பதிவு செய்யும் கதறல், இருபத்திரண்டாம் பாடலின் தொடக்கமே.

புலம்பல் என்னும் சிறுநூலின் கட்டமைப்பு தமிழாசிரியர்களின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பாபிலோனியர் எருசலேமை அழித்த பேரழிவைப் பாடும் ஐந்து பாடல்கள் அதில் உண்டு. முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துகளை வரிசையாகப் பின்பற்றுகின்றன. மூன்றாம் பாடலில் எழுத்துக்கு மூன்றாக அறுபத்தாறு வசனங்கள். ஐந்தாம் பாடலிலும் இருபத்திரண்டு வசனங்களே. ஆனால் எழுத்து வரிசை குலைந்துவிடுகிறது. உயிரெழுத்து வரிசையில் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் ஓதி வளர்ந்த நமக்கு இவ்வடிவத்தின் அருமை விளங்காமற்போகாது. ஊர் எரிந்து, பசியால் குழந்தைகள் மடியும் தெருவில் நின்ற ஒரு புலவன், சிதறும் மனத்தைப் பிடித்து நிறுத்த எழுத்து வரிசையைக் கைக்கோலாகப் பற்றுகிறான். நூல் முழுவதிலும் நம்பிக்கை தெளிவாக ஒலிக்கும் இடம் நடுப்பாடலின் நடுப்பகுதி. அதன்பின் பாடல் மீண்டும் அழுகைக்கே திரும்புகிறது. நூல் முடிவதும் விடை கிடைக்காத மனநிலையில்தான். சுற்றிலும் புலம்பல், நடுவே ஒரு விளக்கு. அட்டைக்காரர்கள் விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது எந்த இருட்டுக்காக ஏற்றப்பட்டது என்பது மறைந்துபோகிறது.

தமிழ் வாசகருக்கு இவையெல்லாம் அந்நியமா? கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்துக்கொண்ட மரபு நம்முடையது. பாரி மாய்ந்தபின் அவன் மகளிர் பாடியதாக வரும் புறநானூற்றுச் சிறுபாடல் எந்த ஆறுதலையும் தருவதில்லை. இருந்தும் இரண்டாயிரம் ஆண்டுகளாக இழந்தவர்களுக்குத் துணை நிற்கிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்தது இதே குன்றத்தூர். அவர் காட்டும் சுந்தரரை நினைத்துப் பார்ப்போம். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண்ணிழந்தவர், ஊர் ஊராகத் தட்டுத்தடுமாறி நடந்து, இறைவனைக் கேள்வி கேட்டுக்கொண்டே போகிறார். திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைப்பது பார்வையன்று, ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் ஒரு கண். மறுகண்ணுக்குத் திருவாரூர் வரை போகவேண்டும். இந்தப் பூசலை 'வன்தொண்டர்' என்று பெருமை பேசி வகுப்பில் நடத்துகிறோம். எபிரேயப் புலவன் அதே பூசலைத் தன் கடவுளோடு இட்டால் மட்டும் அதை வழவழ அட்டையின் இனிப்பு வாசகமாகவே அறிந்திருக்கிறோம்.

இது வெறும் இலக்கிய ரசனைச் சிக்கல் என்று எண்ணவேண்டா. 2015 டிசம்பர் முதல் நாள் நம் பகுதியில் நடந்ததை இங்கே வாழ்பவர் எவரும் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் முதல் ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை வரை அடையாற்றுக் கரை நெடுகிலும் வீடுகள் மூழ்கின. "இது தேவ சித்தம்", "பாவத்தின் தண்டனை", "எல்லாம் நன்மைக்கே" என்ற பேச்சுகள் அந்நாட்களில் எழுந்தன. கோவில் வாசல்களிலும் இதே பொருளில் வேறு சொற்கள் எழுந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யோபு நூலில் இதே பேச்சைப் பேசுகிறவர்கள் உண்டு. பிள்ளைகளையும் உடைமையையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருப்பவனிடம் வந்து, கடவுள் நீதியுள்ளவர், ஆகவே நீ ஏதோ குற்றம் செய்திருக்கிறாய் என்று பக்தி மணக்கப் பேசும் நண்பர்கள் அவர்கள். நூலின் இறுதியில் கடவுள் சினம் கொள்வது அந்த நண்பர்கள்மீது. வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினான் என்பது தீர்ப்பு. துன்புறுவோன்மேல் பழி போடும் ஆறுதலை விவிலியமே தள்ளிவிட்டது. அதே விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஆறுதலைச் சொல்லும் துணிவு நம்மவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஏசாயா ஐந்தாம் அதிகாரத்தில், பிறருக்கு நிற்க இடமில்லாதபடி நிலத்தை வளைத்துக்கொண்டே போகிறவர்களைச் சபிக்கிறார். அவர்கள் கட்டிய பெருவீடுகள் ஆளற்றுப் பாழாகும் என்கிறார். ஏரிகளும் கால்வாய்களும் மனைகளாகிப்போன நம் புறநகரில் இதைவிடப் பொருத்தமான அதிகாரம் வேறில்லை. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை, 2015 வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. தீர்க்கதரிசிகளின் நம்பிக்கை, தவற்றைப் பெயர் சொல்லிச் சுட்டிய பிறகே பேசத் தொடங்குகிறது. சுட்டுவதைத் தவிர்த்துவிட்டுத் தரப்படும் நம்பிக்கை, தவறு செய்தவனுக்கே வசதியாகிறது.

நம் தமிழ் விவிலியத்தின் வரலாறும் இதற்குச் சான்று. சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியது 1708 அக்டோபரில். அடுத்த மாதமே டேனிய ஆளுநர் அவரைச் சிறையிலிட்டார். நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து 1711-இல் பணியை முடித்தார். வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியுஸ், 1758 டிசம்பரில் பிரெஞ்சுப்படை சென்னையை நெருங்கி வேப்பேரி சூறையாடப்பட்டபோது பழவேற்காட்டுக்குத் தப்பிச் சென்றவர். திரும்பி வந்து தமிழாக்கப் பணியில் முனைந்தவர். முதுமையில் கடனுக்காகச் சிறை புகுந்தவர். முற்றுகைக்கும் சிறைக்கும் இடையே உருவான தமிழ் இது. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தின் மூலநூலை எழுதிய பனியனும் சிறையறிந்தவரே. பவுலின் நிருபங்கள் சிலவும் விலங்கோடு எழுதப்பட்டவை. இத்தனை சிறைகளைக் கடந்து நம்மிடம் வந்த நூலைக் குளிரூட்டிய மண்டபத்து வெற்றி முழக்கமாக்கியது நம் காலத்தின் சாதனை.

தாம்பரத்துக்கே உரிய ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 1938 டிசம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. முதலில் அது சீனாவின் ஹாங்சௌ நகரில் கூடுவதாக இருந்தது. ஜப்பானியப் படையெடுப்பால் இங்கே மாற்றப்பட்டது. போரிட்டுக்கொண்டிருந்த இரு நாடுகளின் கிறித்தவர்களும் ஒரே வளாகத்தில் வந்து அமர்ந்தார்கள். மாநாடு போர்களைத் தடுக்கவில்லை. ஒன்பது மாதத்தில் உலகப்போரே மூண்டது. அதனால் அவர்கள் வந்து அமர்ந்தது வீண் என்று சொல்லிவிட முடியுமா? பலிக்கும் என்ற உறுதி இல்லாதபோதும் செய்யத்தக்கதைச் செய்வதற்கே நம்பிக்கை என்று பெயர்.

"மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவளிடம் போய்ப் புலம்பலின் யாப்பமைதியை விளக்குவீர்களோ? அவளுக்கு ஒரு வரி போதுமே" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மூழ்குகிறவளுக்கு ஒரு வரி கயிறாகலாம். அதைப் பறிப்பவன் கொடியவன். ஆனால் அந்த ஒரு வரியை மட்டுமே கொடுத்து வளர்க்கப்பட்டவள், அது பலிக்காதபோது என்ன ஆகிறாள் என்றும் பாருங்கள். "உன் விசுவாசம் போதவில்லை" என்ற அடுத்த வரி ஆயத்தமாக இருக்கிறது. நோயோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கிறாள். பெருந்தொற்று ஆண்டுகளான 2020, 2021-இல் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்து, அவரை முறையாக அடக்கம் செய்யவும் வழியின்றித் தவித்த குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது அழுவதற்கான அனுமதி. அந்த அனுமதி அவர்கள் வீட்டு வேதாகமத்திலேயே பக்கம் பக்கமாக இருந்தது. எடுத்துக் காட்டத்தான் ஆளில்லை.

மறுபக்கத்தில், சமயம் தரும் ஆறுதல் வெறும் மயக்கமருந்து என்று ஒதுக்கும் நண்பர்களுக்கும் இதுவே நம் விடை. மயங்கிக் கிடப்பவன் கேள்வி கேட்பதில்லை. எதுவரைக்கும் என்று கேட்கிறவன் விழித்திருக்கிறான். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்புவதும், நம்பாமலே அக்கேள்வியின் வலியை உணர்வதும் அவரவர் உரிமை. பாடலுக்குள் நுழைய இரண்டு வழியும் திறந்தே இருக்கின்றன.

நம் தமிழ்த்துறைகளில் கிறித்தவ இலக்கியம் என்பது தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் என்று பெயர்ப் பட்டியலாகத் தேர்வுக்கு வந்து தேர்வோடு போய்விடுகிறது. விவிலியத்தை யாரும் இலக்கியமாகத் திறப்பதில்லை. அது பாதிரியார்களின் சொத்து என்று விட்டுவிட்டோம். பெரியபுராணத்தைச் சைவர்களின் தனிச்சொத்து என்று நாம் விட்டுவிடவில்லையே! கையறுநிலை நடத்தும் அதே வாரத்தில் புலம்பலின் ஐந்து பாடல்களையும் மாணவர் கையில் கொடுத்துப் பார்க்கலாம். சுந்தரரின் வழிநடைக் கோபத்தை நடத்தும்போது எண்பத்தெட்டாம் பாடலைப் பக்கத்தில் வைக்கலாம். போதகர்களிடம் நாம் கேட்பது இன்னும் எளியது: அடுத்த புத்தாண்டு இரவில் கலக்கிப் போடும் அட்டைக் கட்டில் புலம்பலிலிருந்தும் யோபுவிலிருந்தும் பத்து அட்டைகளைச் சேருங்கள். அவற்றில் ஒன்றை எடுக்கிறவர் ஏமாந்து போவார் என்று அஞ்சவேண்டா. அவ்வாண்டில் உண்மையிலேயே எதையோ இழந்த ஒருவர் அந்த வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.